மூஸா எங்கள் வீட்டுக்கு வந்த பதினாலு தடவை

மூஸாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவன் பெயரை எழுதியதுமே பழைய எரிச்சல் வந்துவிட்டது. நல்லவன்மேல் பொறாமைப்படுவது கெட்டவன்மேல் பொறாமைப்படுவதைவிடக் கஷ்டம். கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். மூஸாவைத் திட்ட எனக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. அதுவே அவன்மேல் எனக்குள்ள பெரிய புகார்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற பக்கம். பல வருஷம் எட்டியும் பார்க்காது. எங்களவர்களில் ஆண்பிள்ளை என்றால் பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போய்விடவேண்டும். போகாமல் தங்கிவிட்டவனைப் பார்த்து, "என்னப்பா, இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று கேட்போம். லீவில் வந்திருக்கிறவன்கூடக் கேட்பான்.

மூஸா அப்படித் தங்கிவிட்டவன். அவனுடைய வாப்பா அடுத்தவர் தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்தவர். மூஸா பத்தாவதோடு நின்றான். சவூதியிலிருந்து நாங்கள் தூக்கிக்கொண்டு வந்த டேப்ரெக்கார்டர்கள் உப்புக் காற்றில் கெட்டுப்போகும். அவற்றைத் திறந்து திறந்தே தொழில் படித்தான். பிறகு டி.வி., டெக். ஊரில் கம்ப்யூட்டர் தலைகாட்டியதும் ஆறு மாதம் தினமும் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய் அதையும் படித்துவிட்டு வந்தான். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவான். சட்டைப் பையில் பேனா, ஸ்க்ரூடிரைவர். கையில் நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. எந்த வீட்டில் எந்தச் சாமானை என்ன செய்தான் என்று அதில் எழுதிவைப்பான். அவனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவான். ரெண்டை மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாதாம். ஒன்றை மாற்றுவான், ரெண்டு வாரம் ஓடவிட்டுப் பார்ப்பான், அப்புறம்தான் அடுத்தது. அவசரக்காரர்கள் அவனிடம் போகமாட்டார்கள்.

நான் அப்துல் வஹாப், சவூதியில் தம்மாமில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. எனக்கும் தஹ்மீனாவுக்கும் கல்யாணம் ஆகி நாலு வருஷம். சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் ஏழு மாதம் தேறாது. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து தங்கி, பெட்டியோடு போகிறவன். அந்த வீட்டில் ஆணி எங்கே இருக்கிறது, சுத்தியல் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மூஸாவுக்குத் தெரியும்.

2000-ஆம் வருஷ லீவில் தஹ்மீனாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்தேன். அவள் டைப்பிங் படித்தவள். ஊரில் கல்யாணப் பத்திரிகை, பிரசங்க நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பாள். திருச்சியிலிருந்து கடை ஆள் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருஷத்துக்குமேல் நன்றாக ஓடியது. 2001 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை போனில் தஹ்மீனா சொன்னாள்.

"கம்ப்யூட்டர் அணைய மாட்டேங்குது. மட்டை விழுந்து கம்பி அறுந்து கரண்டு போச்சுல்ல, அதுலேர்ந்து இப்படித்தான். ஷட் டவுன் குடுத்தா பாதியில நின்னுடுது. ஸ்விட்சை அமுக்கித்தான் நிறுத்துறேன். காலையில போட்டா, ஒழுங்கா நிறுத்தலைன்னு நீலத் திரை வந்து சோதிக்க ஆரம்பிச்சிடுது. மூஸா தம்பிய வரச் சொல்லியிருக்கேன்."

வரச்சொல் என்று நானும்தான் சொன்னேன். அதற்குப் பிறகு போன் பண்ணும்போதெல்லாம் மூஸாதான்.

"மூஸா தம்பி வந்தாரு. பின்னால ஓடுற புரோகிராம் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்தாரு."

"சரியாயிடுச்சா?"

"இல்ல. ரெண்டு வாரம் பாக்கணுமாம்."

ரெண்டு வாரம் கழித்து பிரிண்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தானாம். அதற்கு ரெண்டு வாரம் கழித்து மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஏதோ ஒன்றை நிறுத்திப் பார்த்தானாம். அப்புறம் மெமரி. அப்புறம் பவர் சப்ளை. ஆரம்பிக்கிறதுக்கு மக்கர் பண்ணாத மெஷின், நிறுத்துகிறதுக்கு மட்டும் இத்தனை மக்கர் பண்ணுமா? ஒரு மெஷினை நிறுத்த ஒருத்தன் எத்தனை தடவை வருவான்?

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. தஹ்மீனாவின் குரலில் ஒரு கலகலப்பு வந்திருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு பேசும்போது, சாப்பிட்டீங்களா, வெயில் எப்படி, அவ்வளவுதான். மூஸாவைப் பற்றி என்றால் வாக்கியம் நீளும். அவன் உட்காருகிற இடத்தில் அவளுடைய உம்மா, என் மாமி, காவலுக்கு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமியும் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். "அந்தப் புள்ள மோட்டாரையும் பாத்துக் குடுத்துட்டுப் போச்சு மாப்ள, காசு குடுத்தா வாங்க மாட்டேங்குது." காசு வாங்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். வாங்காதவன் எதற்காக வருகிறான் என்று ரூமில் கட்டிலில் படுத்தபடி கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் நல்ல பதில் இல்லை.

இதற்கு நடுவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு எலெக்ட்ரானிக் டெக்னீஷியன் தேவைப்பட்டான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உன் ஊரில் ஆள் இருந்தால் சொல், விசா தருகிறேன் என்றார். நான் அக்டோபரில் மூஸாவிடம் பாஸ்போர்ட் காப்பி கேட்டு அனுப்பினேன். நல்ல மனதோடுதான் கேட்டேன். அவன் இங்கே வந்துவிட்டால் அங்கே போகமாட்டான் என்ற புத்திசாலித்தனமும் அதில் கொஞ்சம் இருந்தது.

மூஸா அன்றே காப்பி எடுத்துப் போட்டோவோடு அனுப்பிவிட்டான். அவனுக்கு அந்த விசா ரொம்ப முக்கியம். பள்ளிவாசல் தெருவில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார்கள்: ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் மாப்பிள்ளைக்கு விசா வந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம். பிப்ரவரியில் பெருநாள். மூஸாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது என்று தஹ்மீனாவே சொன்னாள். ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டிருக்கிறவன் இன்னொருத்தன் வீட்டில் என்ன செய்யப்போகிறான் என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். பொறாமை அந்தக் கதவைச் சாத்திவைத்திருந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து போன் போட்டேன். எடுத்தது தஹ்மீனா. பேச ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பின்னால் மாமி சிரிக்கிறார். ஒரு ஆண் குரலும் சிரிக்கிறது.

"யாரு சிரிக்கிறது?"

"மூஸா தம்பிதான்... ஒண்ணுமில்லங்க, இங்க ஒரு கூத்து..." மறுபடியும் சிரிப்பு.

"என்ன கூத்து?"

"வரும்போது சொல்றேன்."

கார்டில் இருந்த நேரம் தீர்ந்துபோனது. நான் பூத்திலேயே நின்றேன். நாலு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படி விழுந்து விழுந்து சிரித்ததில்லை. நான் அவளைச் சிரிக்கவைத்ததும் இல்லை. விசா பேப்பர் என் பெட்டியில் இருந்தது, பெயர் மட்டும்தான் போடவேண்டும். அவன் இங்கே வந்து, நான் போடுகிற செண்டைப் போட்டு, நான் கொண்டுபோகிற பெட்டி மாதிரியே பெட்டியோடு போய் இறங்குவான். அப்புறம் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அந்த வீட்டில் என்னிடம் இருந்த ஒரே பெருமை நான் சவூதிக்காரன் என்பதுதான். அதையும் அவனுக்குத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் விசாவைச் சமீருக்குக் கொடுத்தேன். பேராவூரணிக்காரன், என் ரூமில் இருந்தவரின் மச்சினன். தேங்காய் மண்டியில் நின்றவன், சோல்டரிங் கம்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஊரில் கேட்டபோது, இன்னும் விசா வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதோடு வயிறு ஆறியதா என்றால் அதுவும் இல்லை. பிப்ரவரியில் வரவேண்டிய லீவை ஜனவரிக்கே கேட்டு வாங்கி, யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறினேன். சொல்லாமல் போய் இறங்கினால் உண்மை தெரியும் என்று நினைத்தேன். எந்த உண்மை என்று என்னை யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

திருச்சியில் இறங்கி டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தபோது காலை பதினொன்று. வாசலில் ஒரு ஆண் செருப்பு, தேய்ந்தது. எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது.

உள்ளே மூஸா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நாலடி தள்ளி மாமி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூஸாவின் பக்கத்தில் ஒரு டீ. அது நான் துபாய் ஏர்போர்ட்டில் வாங்கிய கப்! என்னைப் பார்த்ததும் மாமி முறத்தைக் கவிழ்த்துவிட்டார். தஹ்மீனா அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள், அப்படியே நின்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை.

"வாங்க காக்கா!" என்று மூஸா எழுந்தான். எங்கள் பக்கத்தில் அண்ணனுக்குக் காக்கா, அக்காளுக்கு லாத்தா. "சொல்லவே இல்லையே?"

நான் சலாம்கூடச் சொல்லாமல் கேட்டேன். "இதோட எத்தனை தடவை வந்திருக்கே?"

அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவியாகச் சொன்னான். "இன்னிக்குப் பதினாலாவது காக்கா."

"பதினாலு தடவை வந்தும் ஒரு மெஷினை நிறுத்த முடியலையா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே? அந்த நோட்டைக் கொடு."

அவன் தயங்கினான். தஹ்மீனாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது. நோட்டைப் பிடுங்கினேன். "தஹ்மீனா லாத்தா வீடு" என்று தலைப்பு. அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. முதல் தடவையைப் படித்தேன்.

"1. மே 18. கோளாறு தெரிந்துவிட்டது. நிறுத்தும்போது வருகிற சத்தம்தான் காரணம். ஒன்றரை நிமிஷ சத்தம். கரண்டு போனதில் பாதியில் பழுதாகிவிட்டது. அதை எடுத்தால் உடனே அணைகிறது. லாத்தா எடுக்கக்கூடாது என்கிறார். வேறு வழி பார்க்கவேண்டும்."

"என்ன சத்தம்?" என்றேன்.

மூஸா மவுஸைப் பிடித்து ஷட் டவுன் கொடுத்தான். ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது.

"புள்ள, போயிட்டு வர்றேன். கேஸைப் பாத்து மூடு. கொல்லைக் கதவுக்குக் கட்டையைப் போடு. மோட்டாரை ஓடவிட்டுட்டு உக்காந்துடாதே. மாமிக்கு மாத்திரை..."

அதோடு நின்றது. திரையும் அப்படியே உறைந்து நின்றது.

நான் மறந்தே போயிருந்தேன். அன்று திருச்சிக் கடைக்காரர் மாட்டிக்கொடுக்கும்போது, நிறுத்தும்போது ஒரு சத்தம் வரும், வேண்டுமானால் உங்கள் குரலிலேயே வைக்கலாம், ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார். ரெண்டு வார்த்தை! எங்கள் ஊரில் எவன் ரெண்டு வார்த்தையில் விடைபெற்றிருக்கிறான்? போயிட்டு வர்றேன் என்று சொன்ன பிறகுதானே வாசலில் நின்று கால் மணி நேரம் பேசவே ஆரம்பிக்கிறோம். நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேஸ், கதவு, மோட்டார், மாத்திரை என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். அடுத்த நாள் விமானம் ஏறிவிட்டேன்.

"இதையா ஏழு மாசமா..." என்று இழுத்தேன்.

தஹ்மீனா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "தம்பி அன்னிக்கே எடுத்துடலாம்னுதான் சொன்னாரு. தனியா வச்சுத் தர்றேன், வேணுங்கிறப்போ கேட்டுக்குங்கன்னாரு. வேணுங்கிறப்போ கேட்டா அது பாட்டு மாதிரிதானே. வேலைய முடிச்சு எந்திரிக்கும்போது நீங்க சொன்னாத்தான் சொன்ன மாதிரி இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"போன்ல உம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. உங்க குரலாலதான் மெஷின் கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? நீங்களும் எடுத்துடுன்னு சொல்லிடுவீங்க."

மூஸா மெதுவாகச் சொன்னான். "பிரிண்டர், மெமரின்னு ஒவ்வொண்ணா மாத்தியும் சத்தம் முழுசா ஓடலை காக்கா. இப்ப மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஒட்டிப் பாக்குறேன். மாத்திரை வரைக்கும் வந்துடுச்சு. போன தடவைக்கு முந்தின தடவை மாமிங்கிற இடத்துலயே மாட்டிக்கிச்சு. மாமி, மாமி, மாமின்னு விடாமக் கூப்பிடுது. மாமியும் உள்ளேர்ந்து, என்ன வேணும் மாப்ளன்னு கேட்டுட்டே வந்துட்டாங்க!"

மாமி முக்காட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தஹ்மீனாவும் சிரித்தாள். அந்த அறையில் நான்தான் ராஜா. ஏழு மாதமாக என் குரலைக் காப்பாற்ற ஒரு மனிதன் மெனக்கெட்டிருக்கிறான், ஒருத்தி அதை விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருக்கிறாள். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

"காக்கா," என்று மூஸா கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான். "விசா ஏதாவது தகவல்... பொண்ணு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதான்."

"அது... வேற ஆளுக்குப் போயிடுச்சு மூஸா."

"யாருக்கு?" என்றாள் தஹ்மீனா.

"சமீர்னு ஒருத்தன். ரூம்காரருக்கு மச்சினன்."

"அவரு இந்த வேலை தெரிஞ்சவரா?"

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன்.

"கம்பெனி குடுத்துச்சா, நீங்க குடுத்தீங்களா?"

"நான்தான்."

"எப்ப?"

"நவம்பர்ல."

அவள் என் கையிலிருந்த நோட்டை வாங்கினாள். பக்கத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். மாமி பதில் சொன்னது, எல்லோரும் சிரித்தது, நான் போன் பண்ணியது, எல்லாம் தேதியோடு மூஸாவின் எறும்பு எழுத்தில் இருந்தது.

"அன்னிக்கு யாரு சிரிக்கிறதுன்னு கேட்டீங்க," என்றாள். "அதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாமி கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார், அதுவரை பொறுக்கவேண்டும் என்று தோன்றாதவர்போல. மூஸா என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. என்மேல் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கழற்றிவைத்த ஸ்க்ரூக்களை எடுத்து ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

"தம்பி," என்றாள் தஹ்மீனா. "அந்தச் சத்தத்தை எடுத்துடுங்க."

"வேணாம் லாத்தா. இன்னும் ஒண்ணு பாக்கவேண்டியிருக்கு. ரெண்டு வாரம்..."

"எடுத்துடுங்க."

என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. திரையைப் பார்த்தே சொன்னாள். மூஸா ஸ்விட்சை அமுக்கி நிறுத்தி, மறுபடியும் போட்டு, நீலத் திரை தன் சோதனையை முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு மவுஸை நாலு இடத்தில் அழுத்தினான். அவ்வளவுதான் வேலை. ஷட் டவுன் கொடுத்தான். மூச்சுச் சத்தம்கூட வராமல் திரை கறுத்தது. இனி அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்து வந்தது. தஹ்மீனா தானே கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள்.

மூஸா நோட்டில் ஒரு வரி எழுதி, டீயை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பள்ளிவாசல் தெருப் பெண்ணைக் கோலாலம்பூரில் இருக்கிறவனுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்தது தஹ்மீனாதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்து முடித்ததும் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். மெஷின் ஒரு நொடியில் அணைந்தது. அதற்குப் பிறகு அது ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. மூஸா வரவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.